குவில்ட் தையலின் விதிகள்: எதைக் காப்போம், எதை விடுவோம்?

(சபையின் 25-ஆம் ஆண்டு விழாவையொட்டிப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)

அன்று வாயால் சொன்னதை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஆகவே வாசிக்கிற நீங்களும் ஊசியும் துணியுமாக என் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்தே எழுதுகிறேன்.

விழாவுக்காக நம் சங்கம் ஒரு குவில்ட் தைத்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். குடும்பத்துக்கு ஒரு கட்டமாக 25 கட்டங்கள். நீளத்தில் ஐந்து, அகலத்தில் ஐந்து. வேலை தொடங்கிய நாள்முதல் நம்மிடையே ஒரு கேள்வி சுற்றி வருகிறது. "புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடிதான் தைக்க வேண்டுமா? நம் இஷ்டப்படி தைத்தால் என்ன?" இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பக்கமும் கொஞ்சம் சூடும் ஏறியிருக்கிறது. பல வருஷமாகத் தைக்கிறவள் என்பதாலும், நர்ஸ் என்பதால் விதிகளோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவள் என்பதாலும், இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

முதலில், குவில்ட் என்றால் என்ன என்று தெரியாத சகோதரர்களுக்காக. இது மூன்று அடுக்குப் போர்வை. மேலே சிறு துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவே பஞ்சுப் படலம், கீழே அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்து ஊடுருவிப் போடுகிற ஓட்டுத் தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். நடுவிலிருக்கும் பஞ்சை இங்கே பேட்டிங் என்பார்கள். நம் வீட்டு ஆண்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் டிவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நான் நடுப்பஞ்சு என்றே சொல்கிறேன்.

எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். நர்ஸ் படிப்பை இந்த நாட்டில்தான் படித்தேன். குவில்ட் தைக்கப் பழகியதும் இங்கேதான், உடன் வேலைபார்த்த ஒரு மூத்த நர்ஸிடம். முதல் குவில்ட்டை ஊருக்குக் கொண்டுபோனபோது அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்போட்ட துணியைத் தைக்கவா பிளேன் ஏறிப் போனாய்?" என்று கேட்டார்கள். நம் ஊரில் ஒட்டுப்போட்ட துணி என்றால் வறுமையின் அடையாளம். இந்தப் போர்வைக்கும் பல இடங்களில் அதே வறுமைதான் தாய்வீடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது விதிகளுக்கு வருவோம். இங்கே பழைய முறையில் தைக்கிறவர்கள் சொல்லும் விதிகள் ஏறக்குறைய இவை. தையல் ஓரம் சரியாகக் கால் அங்குலம் இருக்க வேண்டும். துணி முழுவதும் பருத்தியாக இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று கூர்மையாகச் சந்திக்க வேண்டும். மூன்று அடுக்கையும் கையால்தான் தைக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழ வேண்டும். எல்லாத் தையலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கேட்டதும் சிலருக்கு ஊசியைக் கீழே வைத்துவிடத் தோன்றும். இன்னும் சிலருக்கு, "விதி என்று இருந்தால் முழுவதும் கைக்கொள்ள வேண்டும்" என்று தோன்றும். நான் ஒரு கேள்வியை மட்டும் உங்கள் கையில் கொடுக்க விரும்புகிறேன். ஒவ்வொரு விதியையும் பார்த்து, "நீ யாரைக் காப்பாற்றுகிறாய்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அந்த விதியை வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா என்பது தானாகத் தெளிவாகும்.

கால் அங்குல விதியை எடுத்துக்கொள்வோம். நம் கட்டம் ஒவ்வொன்றும் 12½ அங்குலம். ஐந்து கட்டங்களைக் கால் அங்குல ஓரம் விட்டு இணைத்தால் வரிசையின் நீளம் 60½ அங்குலம் வரும். ஒருவர் கால் அங்குலத்துக்குப் பதிலாக இன்னும் அரைக்கால் அங்குலம் மட்டும் கூடுதலாகப் பிடித்துத் தைத்துவிட்டார் என்று வையுங்கள். நான்கு இணைப்பில் அந்த வரிசை ஒரு முழு அங்குலம் குறைந்துவிடும். மேல் வரிசை 60½, கீழ் வரிசை 59½. இரண்டையும் சேர்க்கும்போது ஒன்று இழுக்கும், மற்றது சுருங்கும். போர்வை தரையில் படியாமல் அலை அலையாக நிற்கும். ஆகவே இந்த விதி பக்கத்துக் கட்டத்தைத் தைத்த சகோதரியின் உழைப்பைக் காப்பாற்றுகிறது. தனியாகத் தைக்கிறவர் கால் அங்குலமோ அரை அங்குலமோ, எல்லாவற்றிலும் ஒரே அளவாக வைத்தால் போதும். 25 பேர் சேர்ந்து தைக்கும்போது எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

நடுப்பஞ்சு வாங்கும்போது அதன் உறையில், எத்தனை அங்குலத்துக்குள் ஒரு தையல் ஓட வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு 4 அங்குலம், சிலவற்றுக்கு 8 அங்குலம், இன்னும் சிலவற்றுக்கு 10. அதைவிடத் தள்ளித் தைத்தால், நாலு முறை துவைப்பதற்குள் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் கட்டியாகச் சேர்ந்துவிடும். இந்த விதி போர்வையின் ஆயுளைக் காப்பாற்றுகிறது. முன்கூட்டியே துவைக்கிற விதியும் அப்படித்தான். சுங்குடிச் சேலைத் துண்டை வெள்ளை வேட்டித் துண்டின் பக்கத்தில் வைத்துத் தைத்த பிறகு சாயம் இறங்கினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நனைத்த வெள்ளைத் துணியால் முதலில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், ஒட்டாத வரை துவையுங்கள்.

மூன்றாவதாகச் சொல்லப்போகிற விதி எந்தப் பழைய தையல் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்பது இதுதான். பிறந்த குழந்தைக்குப் பரிசாகக் குவில்ட் தைத்துக் கொடுப்பது இங்கே நெடுங்கால வழக்கம். நம் சங்கமும் அதைச் செய்கிறது. கொடுங்கள், சந்தோஷம். ஆனால் ஒரு வயது முடியும் வரை தூங்குகிற குழந்தையின் தொட்டில்கட்டிலில் குவில்ட், தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கக்கூடாது. மூச்சை அடைக்கும், குழந்தையால் விலக்கத் தெரியாது.

நான் சில வருஷங்கள் பிரசவ வார்டில் வேலை பார்த்தேன். ஒரு காலத்தில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லி மருத்துவமனைகளே சொல்லிக்கொடுத்தன. ஆராய்ச்சிகள் வேறுவிதமாகக் காட்டியபோது, 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதை மாற்றியது. 1994-இல் மல்லாக்கப் படுக்கவைக்கும்படி நாடு முழுவதும் பிரசாரம் நடந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரு பழைய விதியைத் துணிந்து விட்டதால் பிழைத்த உயிர்கள் அவை; ஒரு புதிய விதியை ஒழுங்காகக் கைக்கொண்டதால் பிழைத்த உயிர்களும் அவையே. ஆகவே குழந்தைக்குக் கொடுக்கும் குவில்ட்டை, விழித்திருக்கும்போது தரையில் விரித்து, பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க விளையாட விடுங்கள். பரிசு கொடுக்கும்போதே இதைத் தாயிடம் சொல்லிக் கொடுங்கள். "ஆன்ட்டி தைத்துக் கொடுத்தார்களே, போர்த்தாவிட்டால் வருத்தப்படுவார்களோ" என்று எந்தத் தாயும் நினைக்க இடம் வைக்காதீர்கள்.

இப்படி உடலையோ துணியையோ கூடத் தைக்கிறவரையோ காக்கும் விதிகளை நாம் காப்போம். மற்ற விதிகளை நிறுத்தி விசாரிப்போம்.

"கையால்தான் தைக்க வேண்டும்" என்பது அப்படிப்பட்ட ஒன்று. கென்டக்கி மாநிலத்தில் படூக்கா என்ற ஊரில் ஆண்டுதோறும் பெரிய குவில்ட் கண்காட்சி நடக்கிறது. 1989-இல் அங்கே முதல் பரிசு பெற்றது கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவர் தைத்த சூரிய கிரகணக் குவில்ட். அது தையல் மெஷினில் குவில்டிங் செய்யப்பட்டது. அதுவரை அந்தப் பரிசு கைத்தையலுக்கே போய்க்கொண்டிருந்ததால் பெரிய சலசலப்பு எழுந்தது. "மெஷினில் தைத்தது குவில்ட்டே இல்லை" என்றவர்களும் இருந்தார்கள். இன்று கண்காட்சிகளில் மெஷின் தையல் சர்வசாதாரணம். கைத்தையலும் மறைந்துவிடவில்லை. இந்த விதி பழக்கத்தையும் பரிசையும் காத்துவந்தது. யாரும் அதனால் குளிரில் நடுங்கவில்லை.

நம் பென்சில்வேனியாவிலேயே, லான்காஸ்டர் பக்கம் போனால், ஆமிஷ் மக்களின் பழைய குவில்ட்டுகளைப் பார்க்கலாம். பூப்போட்ட துணி கிடையாது. ஒரே நிறத் துணிகள்தான். பெரிய சதுரமும் சாய்ந்த சதுரமுமாக வடிவங்கள் மிக எளிமை. அது அவர்கள் சமூகம் எளிமைக்காக ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. அவர்களும் துண்டுகளை இணைக்கக் கால்மிதி மெஷினைத்தான் பயன்படுத்தினார்கள், நம் அம்மாமார் வீட்டில் வைத்திருந்தது போலவே. குவில்டிங் தையலை மட்டும் கையால் போட்டார்கள். அதில் அவர்கள் காட்டிய நுணுக்கத்தைப் பார்த்தால் கண் கூசும். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. போர்வையைக் கலையாகப் பார்க்க ஊர் பழகியது அதன் பிறகுதான். ஒரு கட்டுப்பாட்டை மனதார ஏற்றுக்கொண்டவர்களின் கையில் அது எவ்வளவு அழகாக மலரும் என்பதற்கு ஆமிஷ் குவில்ட் சாட்சி.

இங்கே ஒரு கதை உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். "தேவன் ஒருவரே பூரணர், ஆகையால் ஆமிஷ் பெண்கள் வேண்டுமென்றே ஒரு துண்டைத் தப்பாக வைப்பார்கள்" என்று சுற்றுலாக் கடைகளில் சொல்வார்கள். குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: வேண்டுமென்றே ஒரு தப்பைச் செருக வேண்டுமென்றால், மற்றதெல்லாம் குறையில்லாமல் இருக்கிறது என்று முதலில் நம்ப வேண்டும். தைத்துப் பழகிய எந்தப் பெண்ணும் அப்படி நம்ப மாட்டாள். குறை தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு நாற்காலி போட வேண்டியதில்லை.

விதியை மீறியவர்கள் என்று எல்லாரும் எடுத்துக்காட்டுவது அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் பெண்களை. அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஊர் அது. அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் அங்கே குத்தகைப் பருத்தி விளைவித்து வாழ்ந்தார்கள். 1960-களில் அந்த மக்கள் ஓட்டுரிமைக்காகப் பதிவுசெய்ய முயன்ற காலத்தில் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது திரும்ப வந்தது 2006-இல்தான். அந்த ஊரில் சுவரிடுக்கு வழியாகக் குளிர் வரும். கிழிந்த வேலை உடுப்பு, மாவுச் சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் வைத்துப் பெண்கள் தைத்தார்கள். கோடு வளைந்தது, கட்டம் சாய்ந்தது, ஒரு பக்கம் துணி தீர்ந்தால் வேறு நிறம் வந்து நின்றது.

1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்தார். முழங்காலில் வெளுத்த இடம், பாக்கெட் இருந்த இடத்தின் நிழல் எல்லாம் அதில் அப்படியே தெரிகின்றன. அவரை நினைத்து அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே அவர் விருப்பம். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று யாராவது அந்தப் போர்வையை எண்ணிப் பார்க்க முடியுமா?

ஆனால் இந்தக் கதையைப் பாதியோடு நிறுத்திவிடக்கூடாது. 1966-இல் அதே வட்டாரத்துப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் பெரிய கடைகளுக்கு அவர்கள் குவில்ட் போக ஆரம்பித்தது. கடைக்காரர்கள் கேட்டது ஒரே அளவு, ஒரே வடிவம், சீரான தையல். அந்தப் பெண்கள் அதையும் செய்தார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்தார்கள்; ஒன்று போலவே எல்லாம். அதில் வந்த கூலி, பணத்தை அரிதாகவே பார்த்த வீடுகளுக்குப் போனது. மீந்த கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே தங்கள் மனம்போல் குவில்ட் தைத்தார்கள். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு விட்னியிலும் கூட்டம் கூட்டமாக மக்கள் போய்ப் பார்த்தது இந்த மனம்போல் தைத்த குவில்ட்டுகளைத்தான். 2006-இல் அவை அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன.

விதிப்படி தைக்கத் தெரியாததால் அவர்கள் வளைத்துத் தைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வாங்குகிறவருக்கு வாக்குக் கொடுத்தபோது அந்த அளவைக் காத்தார்கள். தன் பிள்ளைக்குப் போர்த்தியபோது தன் கண்ணை நம்பினார்கள். இரண்டும் அதே கைதான். விதி எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு விதியோடு தைக்கப்பட்ட குவில்ட்டும் உண்டு. 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாக அதைத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் எய்ட்ஸில் இறந்தவரின் சரீரத்தை எடுத்து அடக்கம் செய்யவே மறுத்த நிறுவனங்கள் இருந்தன. கல்லறை இல்லாதவர்களுக்குத் துணியில் ஒரு கல்லறை. ஒவ்வொரு துணியும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. அந்த அளவுதான் விதி. மற்றபடி ஜீன்ஸ், சட்டை, போட்டோ, பொம்மை, பெயின்ட், பசை எது வேண்டுமானாலும் வைக்கலாம். ஊசியே பிடித்திராத தகப்பன்மாரும் நண்பர்களும் அதைத் தைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி வாஷிங்டனில் புல்வெளியில் விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 50,000. அளவு ஒன்றாக இருந்ததால்தான் எட்டு எட்டாக இணைத்து 12 அடிச் சதுரங்களாக ஆக்க முடிந்தது. அந்த ஒரு விதி எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. தையல் அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டாவதாக ஒரு விதி போட்டிருந்தால், பாதிப் பேர் வெளியே நின்றிருப்பார்கள்.

இப்போது நம் குவில்ட்டுக்கு வருவோம். நம்மிடையே எழுந்த இரண்டு கேள்விகளுக்கு என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

முதலாவது, பட்டு. ஒரு சகோதரி தன் தாயாரின் காஞ்சிபுரம் சேலையிலிருந்து ஒரு கட்டம் தைக்க ஆசைப்பட்டார். "பட்டையும் பருத்தியையும் சேர்க்கக்கூடாது" என்று விதியைச் சொன்னோம். அந்த விதிக்குக் காரணம் உண்டு. பட்டு நூல் பிரியும். ஊசி குத்திய துளை மறையாது. துவைத்தால் பட்டு ஒரு விதமாகவும் பருத்தி ஒரு விதமாகவும் சுருங்கும். ஆனால் நம் குவில்ட் ஆலயத்தின் கூடத்தில் சுவரில் தொங்கப்போகிறது. அதை யாரும் வாஷிங் மெஷினில் போடப்போவதில்லை. ஆகவே பட்டுக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தைத்து, இஸ்திரிச் சூட்டைக் குறைத்துக்கொண்டால் தாராளமாகச் சேர்க்கலாம். வெயில் நேராக விழாத சுவராக மட்டும் பாருங்கள்; பட்டு வெளிறிவிடும்.

அதே பட்டை, மருத்துவமனைக்குத் தைத்துக் கொடுக்கிற போர்வையில் வைக்கக்கூடாது. அங்கே சுடுதண்ணீரில் துவைப்பார்கள். நான் இப்போது முதியோர் வார்டில் இருப்பதால் இன்னும் இரண்டு காரியம் சொல்கிறேன். சக்கர நாற்காலிக்குத் தைத்தால் மடியை மூடுகிற அளவே போதும். இரண்டு பக்கமும் தொங்கினால் சக்கரத்தில் சிக்கி ஆளை இழுத்துவிடும். ஞாபகசக்தி குறைந்தவர்களுக்காக ஒரு சிறு குவில்ட் உண்டு. வெல்வெட், கார்டுராய், ஜிப், பட்டன், ரிப்பன் என்று கை துழாவுவதற்கு வித்தியாசமானவை எல்லாம் அதில் இருக்கும். தையல் புத்தகத்தின் விதிகள் அத்தனையையும் அது மீறும். ஆனால் பட்டன் மட்டும் இழுத்தாலும் வராதபடி இறுக்கித் தைத்திருக்க வேண்டும். பிய்த்து வாயில் போட்டுவிடுவார்கள். பாருங்கள், பத்து விதியை விட்ட இடத்தில் ஒரு விதி இரட்டிப்புக் கண்டிப்போடு வந்து நிற்கிறது.

இரண்டாவது காரியம் பெரியது. அதைச் சம்பந்தப்பட்ட ஆச்சியிடம் அனுமதி கேட்டே இங்கே சொல்கிறேன்.

நம் சபையின் மூத்த ஆச்சி ஒருவர் ஒன்பது துண்டுகள் சேர்ந்த ஒரு கட்டம் தைத்துக் கொடுத்தார்கள். நான்கு துண்டு அவர்களுடைய சுங்குடிச் சேலை. ஐந்து துண்டு தாத்தாவின் வேட்டி. ஆச்சிக்குக் கை நடுக்கம் இருப்பது நமக்குத் தெரியும். நடுங்குகிற கையால் ஊசியில் நூல் கோப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நான் தினமும் வார்டில் பார்க்கிறேன். சட்டைப் பட்டன் ஒன்றைப் போட ஐந்து நிமிஷம் போராடுகிறவர்கள் உண்டு. ஆச்சியின் தையல் ஓர் இடத்தில் நெருங்கியும் ஓர் இடத்தில் விலகியும் ஓடுகிறது. கட்டத்தின் அளவும் குறைந்துவிட்டது. ஒரு பக்கம் 11½ அங்குலம், மறுபக்கம் 11.

நல்ல மனதோடுதான் சிலர் சொன்னார்கள்: "பிரித்து மெஷினில் தைத்துவிடலாம். ஆச்சிக்குத் தெரியவா போகிறது?" இங்குள்ள குவில்ட் குழுக்களிலும் இது நடப்பதுண்டு. வயதானவர்கள் தைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, மற்றவர்கள் உட்கார்ந்து அந்தத் தையலைப் பிரித்துத் திரும்பத் தைப்பார்கள்.

நம் கேள்வியை இங்கே கேட்போம். எந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது? 12½ அங்குலம் என்ற அளவு பக்கத்திலுள்ள கட்டங்களைக் காக்கிறது. அதை விட முடியாது; விட்டால் வரிசை முழுவதும் கோணும். தையல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது யாரைக் காக்கிறது? இந்தச் சுவரைப் பார்க்க வருகிறவர்களின் முன்னால் நம் பெயரைக் காக்கிறது. அதற்காக ஒரு தாயின் மூன்று வார உழைப்பை அவர்களுக்குத் தெரியாமல் பிரிக்கலாமா? யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது, அவள் செய்து கொடுத்த அங்கிகளை விதவைகள் அழுதுகொண்டே காட்டினார்கள் என்று வாசிக்கிறோம். தையல் நேராக இருந்ததா என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

செய்ய வேண்டியது சுலபம். ஆச்சியின் கட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் 1½ அங்குல அகலத்தில் பட்டி வைத்துத் தைப்போம். பிறகு 12½ அங்குலச் சதுரமாக வெட்டுவோம். வெட்டு பட்டியின் வெளி ஓரத்தில் மட்டும் விழும். ஆச்சியின் துணியில் கத்தரிக்கோல் படாது. விலகி ஓடுகிற தையல் பிரியாமலிருக்க, பின்னால் மெல்லிய துணி ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும். அளவும் நிற்கும், ஆச்சியின் தையலும் நிற்கும். அளவு தவறிய கட்டத்துக்குப் பட்டி கூட்டுவது இங்கே எல்லாரும் அறிந்த பழைய வழிதான், நான் கண்டுபிடித்ததல்ல.

ஆச்சியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். டேப்பை வாங்கித் தாங்களே அளந்து பார்த்தார்கள். "அளவு குறைஞ்சா கூட்டிக்கோ மக்களே. தையலைப் பிரிச்சிராதே" என்றார்கள். பட்டிக்குக் கருநீலம் வேண்டும் என்று நிறத்தையும் அவர்களே சொன்னார்கள். ஒளித்துச் செய்திருந்தால் அந்தக் கருநீலம் நமக்குக் கிடைத்திருக்காது.

கடைசியாக, நான் ஒரு விதியைக் கூட்ட விரும்புகிறேன். குவில்ட்டின் பின்பக்கம் பெயர் எழுதித் தைக்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஹேரியட் பவர்ஸ் என்ற பெண் இருந்தார். 1837-இல் அடிமைத்தனத்தில் பிறந்தவர். ஆதாம் ஏவாள் முதல் வேதாகமச் சம்பவங்களைத் துணியில் உருவங்களாக வெட்டி ஒட்டித் தைத்த ஒரு குவில்ட்டை 1886-இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. சில வருஷங்கள் கழித்து வறுமை நெருக்கியபோது 10 டாலருக்குக் கொண்டுவந்தார். 5 டாலர்தான் கிடைத்தது. விற்ற பிறகும் தன் குவில்ட்டைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டுக்கு அவர் வந்துபோனார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் சொன்ன விளக்கத்தை அந்த ஆசிரியை எழுதிவைத்ததால்தான், எந்த உருவம் யார் என்று இன்று நமக்குத் தெரிகிறது. பெயர் எழுதாததால், யார் தைத்தார்கள் என்றே தெரியாமல் போன குவில்ட்டுகள் எண்ணிமுடியாதவை.

ஆகவே சகோதரிகளே, வருகிற சனிக்கிழமை எல்லாரும் உங்கள் கட்டத்தை எடுத்துவாருங்கள். சாயம் சோதித்துப் பார்த்து வாருங்கள். அளவுகோலை நான் கொண்டுவருகிறேன். 12½ அங்குலத்துக்கு மட்டும் கணக்குக் கேட்பேன், தையலுக்குக் கேட்க மாட்டேன். கூடவே ஒரு வெள்ளைத் துணியில் அழியாத மையால் உங்கள் பெயர், எந்த ஊர், கட்டத்தில் இருக்கிற துணி யாருடையது, தைத்த வருஷம் இவற்றை எழுதிக் கொண்டுவாருங்கள். தமிழிலேயே எழுதுங்கள். வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் வந்து, "இது என்ன எழுத்து, இது யார் சேலை?" என்று கேட்கட்டும்.

ஆண்களும் வரலாம். ஊசி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு இஸ்திரிப் பெட்டி காத்திருக்கிறது.